மரபணு மதிப்பெண்ணா, பிரஷர் கருவியா?

கடலூர் முதுநகரில் அப்பா, அம்மா இருவருக்கும் பிரஷர் இருக்கிற 30 வயதுக்காரருக்கு எது உதவும்: மரபணு அபாய மதிப்பெண்ணா, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் சோதனையா?

மதிப்பெண்ணின் பலம், நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிப்பது. ஒருமுறை எச்சிலோ ரத்தமோ கொடுத்தால் போதும். அழுத்தத்தைத் துளித்துளியாக ஏற்றுகிற ஏராளமான மரபணு மாறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். ஆனால் 2024இல் வெளியான மிகப் பெரிய ஆய்வின் அடிப்படைத் தரவே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அந்தக் கணக்கு நம்மவர்களுக்கு அதே துல்லியத்தோடு பொருந்தாது. என் பெரிய கவலை இதுதான்: மதிப்பெண் குறைவாக வந்தால், ‘சரி, நமக்கு வராது’ என்று கருவாட்டையும் ஊறுகாயையும் கணக்கில்லாமல் சாப்பிடத் தோன்றும்.

பிரஷர் கருவி இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வருகிறது. வெவ்வேறு நாட்களில் 140/90க்கு மேலேயே காட்டினால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அதிக மதிப்பெண் வந்தவரும் அப்புறம் செய்யவேண்டியது உப்பைக் குறைப்பது, நடப்பது, அடிக்கடி அளந்து பார்ப்பது. அதனால் நான் கருவியையே சொல்வேன். பரிசோதனைக்குக் கட்டும் பணத்தில் வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாம்.