வளர்ச்சி நின்ற இளம் நட்சத்திரம்: வைத்துக்கொள்வதா, டிரேட் செய்வதா?

ஒரு இளம் வீரர் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வுக்கு வந்து மூன்று நான்கு சீசன் ஆகிவிட்டது. ஏறிக்கொண்டே வந்த புள்ளிகள் ஒரு இடத்தில் நின்றுவிட்டன. ரசிகர்களில் பாதிப் பேர் "வேறு அணிக்கு டிரேட் செய்து அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள், மீதிப் பேர் "22 வயதுதானே, பொறுங்கள்" என்கிறார்கள். இருவருக்கும் கைவசம் உதாரணம் இருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தெரிகிறது: நின்றுபோனது அவருடைய ஆட்டமா, அணியில் அவருக்கு இருந்த இடமா?

பொறுத்திருந்து பலன் கண்ட அணி பாஸ்டன். ஜெய்லன் பிரவுன் 2017-18இல் ஆட்டத்துக்குச் சராசரி 14.5 புள்ளி எடுத்தார், அடுத்த சீசனில் அது 13.0 ஆகக் குறைந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் பின்னடைவுதான். ஆனால் அந்த வருடம்தான் அணியின் நட்சத்திரங்கள் கைரி அர்விங்கும் கார்டன் ஹேவர்டும் காயத்திலிருந்து திரும்பி வந்தார்கள். பந்து அவர்கள் கைக்குப் போனது, பிரவுன் பெஞ்சுக்குப் போனார். அவர் ஆட்டம் சுருங்கவில்லை, இடம் சுருங்கியது. 2019 அக்டோபரில் பாஸ்டன் அவருக்கு நான்கு ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் வரை தரும் ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. அர்விங் அதற்குள் கிளம்பியிருந்தார். பிரவுன் அந்த சீசனிலேயே சராசரி 20ஐத் தாண்டினார், 2024இல் பைனல்ஸ் எம்விபி, அதாவது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஆனார்.

ஹூஸ்டனில் ஜேலன் கிரீன் கதை நேர் எதிர். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2021இல் இரண்டாவது தேர்வாக வந்தவருக்கு இடம் முழுதாகவே கிடைத்தது. நான்கு சீசனின் சராசரி: 17.3, 22.1, 19.6, 21.0. இரண்டாம் ஆண்டிலேயே உச்சம் வந்துவிட்டது. 2025இல் கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஏழு ஆட்டங்களில் அவர் எடுத்த புள்ளிகள் இவை: 7, 38, 9, 8, 11, 12, 8. சராசரியைவிட இந்த வரிசைதான் எனக்கு அதிகம் சொல்கிறது. 38 எடுக்கிற திறமை இருக்கிறது. ஆனால் எதிரணி இரண்டு பேரை அவர்மேல் ஏவி, கூடைக்குப் போகும் வழியை அடைத்தால், அடுத்து என்ன செய்வது என்பதற்கு நான்காம் வருடத்திலும் பதில் இல்லை. பந்தைச் சீக்கிரம் விட்டுவிட்டு மறுபடி வெட்டி ஓடி வாங்குவது, பந்தில்லாமல் பயன்படுவது எல்லாம் வளரவே இல்லை.

ஹூஸ்டன் அந்த சீசனில் 52 ஆட்டம் வென்ற அணி. காத்திருக்க அதற்கு நேரமில்லை. கிரீன், டில்லன் புரூக்ஸ், டிராஃப்டின் 10ஆவது தேர்வு உரிமை, ஐந்து இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் என்று ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து 36 வயது கெவின் டுராண்டை வாங்கியது. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முந்தைய அக்டோபரில் கிரீனுக்கு நீண்ட ஒப்பந்தம் போடாமல் மூன்று ஆண்டுக்கு மட்டும் போட்டார்களே, அதையும் சேர்த்துத்தான். டிரேடில் போகும் சம்பளத்தை வரும் சம்பளத்தோடு ஈடுகட்ட வேண்டிய லீகில் அந்தக் குறுகிய ஒப்பந்தமே நல்ல சரக்கானது.

சரி, இடம்தான் பிரச்சினை என்று தெரியாமல் விற்றுவிட்டால்? சிகாகோவில் லௌரி மார்க்கனென் இரண்டாம் ஆண்டில் 18.7 எடுத்தார், பிறகு 14.7, 13.6 என்று இறங்கினார். ஏழடி மனிதரை மூன்று புள்ளிக் கோட்டோரம் நிறுத்தி, பந்து வருகிறதா என்று காத்திருக்க வைத்தார்கள். 2021இல் அவரை விட்டதற்கு சிகாகோவுக்குக் கிடைத்தது டெரிக் ஜோன்ஸ் ஜூனியரும் நிபந்தனையோடு வந்த ஒரு முதல் சுற்றுத் தேர்வும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும்தான். 2022-23இல் யூட்டாவில் அதே ஆள் 25.6 எடுத்து ஆல்ஸ்டார் ஆனார். பிரவுனுக்கு பாஸ்டன் கேட்ட கேள்வியை சிகாகோ கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அடிமட்ட விலையில் விற்பதும் எப்போதும் நஷ்டம் இல்லை. 2017இன் முதல் தேர்வான மார்கெல் ஃபுல்ட்ஸ், ஃப்ரீ த்ரோ போடும்போது கை பாதியில் நின்று நின்று போவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தோள்பட்டை நரம்புக் கோளாறு என்று பிறகு தெரிந்தது. ஃபிலடெல்ஃபியா 2019இல் அவரை அனுப்பி வாங்கிய முதல் சுற்றுத் தேர்வில் எடுத்தவர்தான் பின்னாளில் அந்த அணியின் நட்சத்திரமான டைரீஸ் மேக்ஸி.

எனக்குப் பிடிக்காதது இரண்டுங்கெட்டான் வழி. முதல் சுற்றில் தேர்வாகி வரும் புது வீரரின் ரூக்கி ஒப்பந்தம் நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நீட்டிக்கலாம், இல்லையென்றால் நான்காம் ஆண்டுக்குப் பின் வேறு அணி தரும் தொகைக்கு ஈடுகொடுத்துத் தக்கவைக்கலாம். ஃபீனிக்ஸ் 2021இல் டியாண்ட்ரே ஏட்டனுக்கு அவர் கேட்ட நீட்டிப்பைத் தரவில்லை. 2022 ஜூலையில் இண்டியானா நான்கு ஆண்டுக்கு 13.3 கோடி டாலர் எழுதியதும் அதற்கு ஈடுகொடுத்தது. அப்படித் தக்கவைத்தால் ஒரு வருடத்துக்கு வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது. 2023 செப்டம்பரில் ஏட்டனைப் போர்ட்லாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பணமும் போனது, நம்பிக்கையும் போனது.

முடிவு என் கையில் இருந்தால், நான்காம் சீசன் தொடக்கத்தில் இருபது ஆட்டத்துக்கு மாற்று வீரர்கள் களத்தில் இருக்கும் நேரத்தில் பந்தை முழுவதும் அவர் கையில் கொடுப்பேன். எத்தனை புள்ளி என்று பார்க்க மாட்டேன். இரண்டு பேர் சூழும்போது என்ன செய்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். இருபதாவது ஆட்டத்திலும் முதல் ஆட்டத்தில் செய்ததையே செய்தால், பிப்ரவரியில் வரும் டிரேட் கெடுவுக்கு முன் போனை எடுத்துவிடுவேன்.