கல் டயல் வைத்த பழைய தங்க வாட்ச்: பியாஜே 9பி நீண்ட காலப் பயன்பாட்டில்

கல் டயல் என்றதும் பேச்சு நிறத்துக்குப் போய்விடும். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் எந்திரத்தின் கனத்தை, அதாவது தடிமனை. சுவிஸ் வாட்ச் நிறுவனமான பியாஜே 1957-இல் கொண்டுவந்த 9பி எந்திரம், சாவி கொடுத்து ஓட்டுவது. கனம் வெறும் 2 மி.மீ. கல்லைச் சீவி உலோகத் தகட்டில் ஒட்டினால் டயல் தடித்துவிடும். எந்திரம் மெலிந்ததால்தான் அந்தக் கனத்துக்கு இடம் கிடைத்தது. 1960-களில் லாபிஸ் லாசுலி, மாலகைட், புலிக்கண், ஓனிக்ஸ், பவளம், ஜேட் என்று வரிசையாக டயல்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

கல் உடையும் இடம் பெரும்பாலும் நடுத்துளை. முள் தண்டு வெளியே வர வைரமுனையால் அங்கே துளைக்க வேண்டும். பட்டறையில் கல் வீணாவதும் அந்த வேலையில்தான். தேதிக் கட்டம் வெட்டினால் அதன் நான்கு மூலைகளும் விரிசல் தொடங்க வாகான இடங்கள். இந்த வாட்ச்களில் பெரும்பாலும் இரண்டே முள், தேதி கிடையாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்காக மட்டும் செய்ததல்ல.

வாங்கும்போது 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியும் சின்ன டார்ச்சும் போதும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், கண்ணாடியை உரசிப் போவதுபோல் பக்கவாட்டில் அடியுங்கள். நடுத்துளையிலிருந்து ஓரம் நோக்கி ஒரு கோடு ஓடினால், அது கல்லின் இயற்கை ரேகையா, விரிசலா என்று பார்க்க வேண்டும். ரேகையில் நிறம் மாறும். விரிசலில் வெளிச்சம் உடையும். புற ஊதா விளக்கில் அந்தக் கோடு மட்டும் தனியாக ஒளிர்ந்தால் பசை ஊற்றி மறைத்திருக்கலாம். டயலைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் அடித்தகட்டைப் பாருங்கள். எந்திரத்தில் பொருந்தும் இரண்டு கால்களும் பற்றாசு வைத்துப் பிடித்திருக்க வேண்டும். கால் ஒடிந்து பசையில் நின்றால் டயல் நகரும், முள் கல்லில் உரசும்.

தினமும் கட்ட நினைப்பவர்களுக்குப் புலிக்கண் அல்லது ஓனிக்ஸ். இரண்டும் குவார்ட்ஸ் இனம், கடினம் (மோஸ் அளவில், வைரம் 10) 6.5 முதல் 7 வரை. லாபிஸ் 5 சொச்சம். பொன்னிறப் பைரைட் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருப்பது நல்ல அறிகுறி. மாலகைட்தான் பார்க்க மிக அழகு, ஆனால் கடினம் 3.5–4, அமிலம் பட்டால் மேற்பரப்பு அரித்துவிடும். பவளமும் அப்படியே. டர்க்காய்ஸ் எண்ணெயையும் வேர்வையையும் உறிஞ்சிப் பச்சையாகத் திரும்பும். ஓப்பலில் நீர் உண்டு. காய்ந்தால் வலைபோல் வெடிக்கும். இந்த நான்கையும் விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மெல்லிய கேஸ், அழுத்தி மூடும் பின்மூடி. தண்ணீர் தாங்கும் என்று எண்ணவே வேண்டாம். மழையிலும் சமையலறை ஆவியிலும் கழற்றிவிடுங்கள். நாளுக்கு ஒரு முறை, கையிலிருந்து கழற்றியபின் சாவி கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) தண்டு ஒருபக்கம் இழுபட்டு வளையும். தடை தெரிந்ததும் நிறுத்த வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று, டயலை அல்ட்ராசோனிக் தொட்டியிலோ கரைப்பானிலோ போடக்கூடாது. பசை விட்டுப் போகும். இன்னொன்று, கேஸைப் பாலிஷ் செய்யக்கூடாது. ஒவ்வொரு பாலிஷிலும் தங்கம் தேயும், கூர் விளிம்பு உருளும், 18 காரட் தங்கம் என்று காட்டும் 750 முத்திரை மங்கும். முத்திரை மங்கிய கேஸை விற்கப் போனால் விலையில் தெரியும். டைம்கிராஃபரில் (வாட்ச் துடிப்பை அளக்கும் கருவி) வேகம் பார்ப்பவரிடம் மணிக்கு 19,800 துடிப்பு என்று சொல்லிவிடுங்கள். 21,600 என்று வைத்துப் பார்த்தால் கணக்கே தப்பும்.

பின்னல் தங்கப் பட்டையில் பெரும்பாலும் கேஸும் பட்டையும் ஒன்றாகவே பற்ற வைத்திருக்கும். அறுந்தால் நம்ம ஊர் தங்க ஆசாரி ஒட்டிக் கொடுத்துவிடுவார், ஆனால் எந்திரம், டயல், கண்ணாடி மூன்றையும் வாட்ச்காரர் வெளியே எடுத்தபின்தான் அவர் கையில் தர வேண்டும். சூடு ஒட்டுப் பசையை இளக்கும். கழுவும் திராவகம் மாலகைட்டைத் தொட்ட நொடியில் நுரைக்கும். பட்டையைக் குறைப்பது சுலபம், நீட்டுவது கடினம். அதே பின்னலில் தங்கத் துண்டு கிடைப்பது அரிது. ஆகவே விலை பேசும் முன் உள்சுற்றளவை மி.மீ.-இல் கேட்டு, மணிக்கட்டு அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.