பழைய பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவ்: எப்போது போடுவது, எப்போது எடுப்பது

ரோடு மோசமாகத் தெரிந்ததும் ஃபோர் வீல் லீவரில் கை வைப்பது பலருக்கும் பழக்கம். பார்ட்-டைம் அமைப்புள்ள, அதாவது வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் இழுவையைச் சேர்க்கும் பழைய வண்டிகளில் குழியையும் மேட்டையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டயர் கொஞ்சமாவது வழுக்க அந்தத் தரை இடம் கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். குண்டும் குழியுமான தார் ரோட்டுக்கு 2எச் (இரண்டு சக்கர இழுவை) போதும். பார்க்கச் சமதளமாக இருக்கும் ஈரப் புல்வெளியில் 4எச் (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேக நிலை) இல்லாமல் நகர முடியாமல் போகலாம்.

காரணம் இதுதான். இந்த வண்டிகளின் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி) நடு டிஃபரன்ஷியல் (முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) கிடையாது. 4எச் போட்டதும், ஆக்சில்களுக்கு விசையைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 2.25 மீட்டர் உள்ள ஒரு சின்ன வண்டி, பின் ஆக்சில் 5 மீட்டர் ஆரத்தில் போகும்படி 90 டிகிரி திரும்பினால், பின் ஆக்சிலின் நடு 7.85 மீட்டர் ஓடும், முன் ஆக்சிலின் நடு சுமார் 8.6 மீட்டர் ஓடும். ஒரே திருப்பத்தில் முக்கால் மீட்டர் வித்தியாசம். ஆக்சில் விகிதம் 4-க்கு 1 (ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால், முன் ஷாஃப்ட் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனால் சுற்ற வழியில்லை. மண்ணிலும் சரளையிலும் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் டயர் விடாது. அந்த முறுக்கு ஷாஃப்ட்டிலும் யுனிவர்சல் ஜாயின்டிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியரிலும் ஏறி உட்காரும்.

ஏறிவிட்டது என்பதை வண்டியே சொல்லும். ஸ்டியரிங் கனக்கும், நேராக வர மறுக்கும். திருப்பத்தில் யாரோ பிரேக் பிடிப்பதுபோல் வண்டி இழுத்து நிற்கும். டயர் கீச்சிட்டுத் துள்ளும். 2எச்-க்கு லீவரைத் தள்ளினால் அசையாது. இந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் உள்ளே கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க் வளையும். ஸ்டியரிங்கை நேராக்கி இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸில் வாருங்கள், அல்லது ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஓர மண்ணில் இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். கிளட்சை மிதித்தபடி லீவரை மெல்லத் தள்ளினால் தானாக விழும். அதற்கும் வரவில்லை என்றால் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தரையை விட்டுத் தூக்கினால் முறுக்கு விடுபடும். தூக்கும் நொடியில் சக்கரம் சட்டென்று சுற்றக்கூடும், கையை அருகில் கொண்டு போக வேண்டாம்.

இந்த எச்சரிக்கை எல்லா ஃபோர் வீல் வண்டிக்கும் பொருந்தாது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரிலும், லாடா நிவாவிலும் நடு டிஃபரன்ஷியல் உண்டு, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். 1991 பஜேரோவோடு வந்த சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் அமைப்பில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாத 4எச் நிலையைத் தாரிலேயே போடலாம். ஜிப்சி, பழைய ஜீப் வகைகள், லேண்ட் குரூசர் 70-இன் பெரும்பாலான மாடல்கள் ஆகியவை சுத்தமான பார்ட்-டைம். 1980-களின் சுபாரு லியோன், டொயோட்டா டெர்செல், 1983 ஃபியட் பாண்டா 4×4 போன்ற கார்களும் அப்படித்தான். இவை அடிப்படையில் முன்சக்கர டிரைவ், லீவரோ பட்டனோ பின் ஆக்சிலைச் சேர்க்கும். பட்டன் என்பதால் வைப்பர் போடுவதுபோல மழைக்கு மழை தட்டிவிடுகிறார்கள். முறுக்கு ஏறுவதில் இவற்றுக்கும் ஜீப்புக்கும் வித்தியாசம் இல்லை. பாகங்கள் சின்னவை என்பதால் அடி வாங்குவது சீக்கிரம்.

மழை நனைத்த தார் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கும். ஈரத் தார் வழுக்குகிறது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் டிரைவ்லைன் முறுக்கு விடுபடும் அளவுக்கு அது வழுக்காது. நேர்ச்சாலையில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கொண்டை ஊசி வளைவிலும் ரவுண்டானாவிலும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, ஃபோர் வீல் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கை தவறு. நகர்த்துவதற்குத்தான் நான்கு சக்கரம் உதவும். நிறுத்துவது எப்போதும் போல டயரும் பிரேக்கும்தான். நன்றாக இழுக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுபவர்கள்தான் திருப்பத்தில் வெளியே போகிறார்கள்.

முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் லாக் இருந்தால் ஹப்பையும் லீவரையும் தனித்தனியாக யோசியுங்கள். மண் பாதை தொடங்கும் முன்பே இரண்டு ஹப்பையும் லாக்கில் வைத்துவிடலாம். 2எச்-இல் ஓடும்வரை முறுக்கு ஏறாது. முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், எரிபொருள் கொஞ்சம் கூடும், அவ்வளவே. சேற்றுக்குள் முழங்கால் அளவு இறங்கிய பிறகு ஹப்பைத் தேடித் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு ஹப்பை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்தால் முன் ஆக்சில் இழுக்காது. டிஃபரன்ஷியல் எல்லா விசையையும் தடையில்லாத பக்கத்துக்கே அனுப்பிவிடும். டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பல வண்டிகளில் அந்த விளக்குக்கான ஸ்விட்ச் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது, ஹப் பிடித்ததா என்று அதற்குத் தெரியாது.

லீவரைப் பொறுத்தவரை, சக்கரம் சுற்றிப் புதைந்த பிறகு போடுவது தாமதம். இறங்கும் முன்பே போடுங்கள். 2எச்-இலிருந்து 4எச்-க்கு ஓடும்போதே மாற்றலாம் என்று பல கையேடுகள் சொல்லும். பழைய வண்டியில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவான வேகத்தில் மாற்றுவது கியருக்கு நல்லது. பின் சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றவே கூடாது. இரண்டு ஷாஃப்ட்டின் வேகமும் பொருந்தாமல் பல் மோதும். 4எல்-க்கு (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேக கியர்) வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து மாற்ற வேண்டும். ஜீப்களில் வரும் என்பி231 போன்ற சில ட்ரான்ஸ்ஃபர் கேஸ்களில் மணிக்கு 3 முதல் 5 கி.மீ. உருளும்போதுதான் பல் சுலபமாகப் பொருந்தும்.

4எல் என்பது கூடுதல் பிடிப்பு இல்லை, கூடுதல் முறுக்குவிசை. என்பி231-இல் அது 2.72 மடங்கு. பாறையில் ஊர்ந்து ஏற, செங்குத்தாக இறங்க, கனமான வண்டியை இழுக்க இது சரி. இறக்கத்தில் முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால் எஞ்சினே பிடித்து இறக்கும். சேற்றிலும் ஈரக் களிமண்ணிலும் 4எல் முதல் கியர் போட்டால் சக்கரம் உடனே சுழன்று பள்ளம் தோண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியர்தான் அங்கே எடுபடும். மணலில் வேகம் குறையாமல் போக வேண்டும் என்பதால் பெரிய எஞ்சினுக்கு 4எச் போதும். சின்ன எஞ்சின் திணறினால் 4எல் மூன்றாவது கியர்.

மணலில் லீவரைவிட டயர் காற்றுதான் அதிகம் பேசும். 28 பிஎஸ்ஐ-யிலிருந்து (காற்றழுத்த அளவு) 16, 18-க்கு இறக்கினால் டயர் தரையில் படியும் தடம் நீளும், பாதி பிரச்சினை அங்கேயே தீரும். டியூப் டயர் என்றால் அந்த அளவுக்கு இறக்க வேண்டாம். டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். தாருக்கு வந்ததும் லீவரை 2எச்-க்கு மாற்றி, காற்றை நிரப்பிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்று. இதை அலட்சியம் செய்தால் நேர்ச்சாலையிலும் முறுக்கு ஏறும். முன்னால் புது டயர், பின்னால் 3 மி.மீ. தேய்ந்த டயர் என்றால், 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 8.6 மீட்டர் வித்தியாசம் வரும்.

பழைய வண்டி வாங்கும்போது ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். கை ஹப் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் விட்டு, கைபிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹப் இரண்டும் லாக், லீவர் 4எச். ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டத்துக்குப் பிறகு நின்றுவிட்டால் நல்லது. சக்கரத்தோடு முன் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிடிக்கவில்லை. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. ஹப்பைக் கழற்றினால் பெரும்பாலும் உள்ளே பழைய கிரீஸ் இறுகிக் கிடக்கும். துடைத்து மெல்லியதாகப் பூசினால் போதும், அடைத்து வைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வேக்குவம் ஹப் (காற்றை உறிஞ்சும் விசையால் பூட்டும் ஹப்) உள்ள ஜிம்னி போன்றவற்றில் முதலில் பார்க்க வேண்டியது வெடித்துப்போன ரப்பர் ஹோஸ்.

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு அழுத்தும்போது 4எல் தானாக வெளியே குதித்தால் உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டாம். ஜிப்சி வகையில் அதைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே கோளாறு வரும். செயின் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸ்களில் சுமை ஏறும்போது டக் டக் என்று பல் தாண்டும் சத்தம் கேட்டால் செயின் நீண்டுவிட்டது.

பயன்படுத்தாமலே விடுவதும் கெடுக்கும். மாதம் ஒரு முறை மண் பாதையில் 15 கி.மீ. அளவுக்கு 4எச்-இல் ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலின் மேல் பக்கத்துப் பல்லுக்கும் சீலுக்கும் எண்ணெய் போய்ச்சேரும். மண் பாதை கிடைக்காவிட்டால் ஹப்பை லாக் செய்து 2எச்-இல் தாரில் ஓட்டினாலும் முன் ஆக்சிலுக்கு அதே பலன். எண்ணெய் வகையைக் கையேட்டில் பார்த்தே ஊற்ற வேண்டும். ஜிப்சியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர் ஆயில் கேட்கும், என்பி231 ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) கேட்கும். தண்ணீருக்குள் இறங்கி வந்தால் ஆக்சில் எண்ணெயைப் பாருங்கள். சூடான ஆக்சில் திடீரென்று குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள், ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

4எச் போட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் தானியங்கி ஹப் (வேக்குவம் அல்லாத வகை) உள்ளவர்கள் 2எச்-க்கு மாற்றியதோடு நிறுத்திவிடக் கூடாது. நேராக ஒன்றிரண்டு மீட்டர் ரிவர்ஸில் வந்தால்தான் அந்த ஹப் விடுபடும்.