கார்டியன் சான்றுக்கு வக்கீலிடம் 35,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

என் தம்பிக்கு வயது 31. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்குப் பிறகு அம்மா வாங்கிவந்த குடும்ப ஓய்வூதியம், அம்மாவும் போனபின் தம்பிக்கு வர வேண்டும். கருவூலத்தில் "கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்றார்கள், அதாவது அவனுக்குப் பாதுகாவலர் நான்தான் என்ற சான்று. கூடப்பிறந்த அக்கா என்பது மட்டும் போதாதாம்.

தெரிந்தவர் சொல்லி ஒரு வக்கீலிடம் போனேன். "கோர்ட்டில் மனு போட்டு ஆர்டர் வாங்கணும்மா, ஆறு மாசம் ஆகும்" என்றார். முதலில் 15,000, அப்புறம் இரண்டு தவணையாக 20,000. ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை.

பணத்தைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. தம்பி தன் பெயரை எழுதுவான். மூன்றே எழுத்து. பேனாவை அழுத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் ஆகும். வங்கியில் அந்தக் கையெழுத்துதான் இருக்கிறது. வக்கீல் அலுவலகத்தில் அன்றும் பேனாவை எடுத்தான். அதற்குள் குமாஸ்தா அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, வக்காலத்திலும் இரண்டு வெற்றுத் தாளிலும் கைநாட்டு வாங்கிவிட்டார். "எதுக்குக்கா?" என்று என்னைக் கேட்டான். வக்கீல் என்னைப் பார்த்து, "அவனுக்கு என்ன தெரியப்போகுது" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடு வரும்வரை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான்.

பதினான்கு மாதம் வாய்தா, வாய்தா என்றே ஓடியது. வழக்கு எண் கேட்டால் எரிந்து விழுவார். கடைசியில் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய் நின்றேன். என்னிடம் இருந்த மனு நகலைப் படித்த வக்கீலம்மா, "இது 1890-ஆம் வருஷத்துச் சட்டம்மா, மைனருக்குப் போடறது" என்றார். கணினியில் தேடிப் பார்த்தால், தம்பி பெயரில் வழக்கே பதிவாகவில்லை.

தம்பியைப் போன்றவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பதினெட்டு வயதுக்கு மேல், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். எனக்கு ஆன செலவு ஜெராக்ஸும் போட்டோவும்தான்.

அந்த வக்கீலம்மாவுக்கும் நான் எதுவும் கொடுக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்ப்பதில்லை. அதற்கான உதவி எண் 15100.

அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நாற்காலியைத் தம்பி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உனக்கு மாசாமாசம் பணம் வரும். அக்கா அதைப் பார்த்துக்கட்டுமா? வேண்டாம்னாலும் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். தம்பி வெகுநேரம் யோசித்து, "பரோட்டாவுக்குக் காசு தரணும்" என்றான். அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துக்கு அவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது.

சான்று வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் அவன் சொத்து விவரத்தைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், வருடாவருடம் கணக்கும் காட்ட வேண்டும். அது சரியான ஏற்பாடுதான். என்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

யாராவது "கேஸ் போட்டாச்சு" என்றால் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். செல்போனிலேயே பார்த்துவிடலாம். பணத்தை ஜிபேயில் கொடுங்கள், தடயம் இருக்கும். வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த முதல் வக்கீலுக்குப் பதிவுத் தபால் அனுப்பிக் கேட்டதில் வக்காலத்து திரும்பி வந்தது. கைநாட்டு வைத்த அந்த இரண்டு வெற்றுத் தாள்கள் வரவில்லை. அப்படி எதுவும் வாங்கவே இல்லை என்கிறார்.