இழுபட்ட முழங்கையா, எலும்பு முறிவா?

கையைப் பிடித்துச் சட்டென்று தூக்கியதும் குழந்தை வீறிட்டழுது, அந்தக் கையைத் தொங்கவிட்டு அசைக்க மறுத்தால் பெரும்பாலும் முழங்கை மூட்டு நழுவல்தான்; இதுதான் இழுபட்ட முழங்கை. 1 முதல் 4 வயதில் அதிகம். வீக்கம் இருக்காது. மருத்துவர் முழங்கையைத் தாங்கி, உள்ளங்கை கீழே பார்க்க முன்கையை முழுதும் திருப்பினால் ‘டிக்’கென்று சேரும், கால் மணி நேரத்தில் பொம்மையை எட்டிப் பிடிக்கும்.

கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால் கதையே வேறு. மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கலாம். திருப்பவோ உருவிவிடவோ கூடவே கூடாது: முறிந்த முனை ரத்தக்குழாயையும் நரம்பையும் கிழிக்கலாம். இருக்கும் நிலையிலேயே அட்டை வைத்துக் கட்டுங்கள். மருத்துவமனையில் மயக்க மருந்து தேவைப்படலாம், சாப்பிட எதுவும் தராதீர்கள். நரம்பு வேலை செய்கிறதா என்றறிய, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட வருகிறதா பாருங்கள். விரல்கள் வெளிறினாலோ சில்லிட்டாலோ உடனே ஓடுங்கள். விலகாத முறிவுக்குச் சுமார் 3 வாரம் மாவுக்கட்டு. விலகியிருந்தால் பெரும்பாலும் கம்பி வைக்க நேரிடும்.