காமன்ஜேஎஸ்ஸுக்கு மாற்றும்போது எது நிலைக்கிறது? பேபல், டைப்ஸ்கிரிப்ட், இஎஸ்பில்ட், ரோலப்: ஓர் அலசல்

ஒரு கோப்பின் நிரலை இன்னொன்றில் பயன்படுத்த உதவும் இம்போர்ட், எக்ஸ்போர்ட் ஆகியவை 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான எக்மாஸ்கிரிப்ட் தரத்தில் இடம்பெற்றன. ஆனால் 2009-இல் தொடங்கிய காமன்ஜேஎஸ் முறையில், அதாவது பிற கோப்புகளை ரிக்வயர் என்ற ஃபங்ஷன் வழியாக ஏற்றி இயங்கும் நிரல்கள், இன்றும் ஏராளமாகப் பயன்பாட்டில் உள்ளன. அதனால் புதிய முறையில் எழுதியதைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவிகளின் தேவை குறையவில்லை. இக்கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையே அளக்கிறார்கள். கோ மொழியில் எழுதப்பட்ட இஎஸ்பில்ட் அந்த அளவுகோலில் முந்துவது உண்மைதான். ஆயினும், மூல நிரலின் பொருள் மாற்றத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். விடை ஒவ்வொரு கருவிக்கும் வேறுபடுகிறது.

ஒரு சிறிய கோப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 'எண்ணிக்கை' என்ற மாறியும், அதை ஒவ்வொரு முறையும் ஒன்றால் கூட்டும் ஒரு ஃபங்ஷனும் எக்ஸ்போர்ட் செய்யப்படுகின்றன. புதிய முறையில் இந்த மாறியை இம்போர்ட் செய்தவருக்கு எப்போதும் அதன் தற்போதைய மதிப்பே தெரியும். இதையே கையால் காமன்ஜேஎஸ்ஸாக மாற்றி, கோப்பின் கடைசி வரியில் இரண்டையும் ஒரு ஆப்ஜெக்டில் வைத்து வெளியே கொடுத்தால், அந்த நொடியில் இருந்த சுழியம் மட்டுமே நகலாகப் போகும். ஃபங்ஷனை எத்தனை முறை அழைத்தாலும் வெளியே சுழியமே தெரியும். கருவிகள் இந்தச் சிக்கலை வெவ்வேறு வழிகளில் தீர்க்கின்றன. மாறியின் மதிப்பு மாறும் ஒவ்வோர் இடத்திலும் எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஜெக்டிலும் அதை எழுதும் வரியைப் பேபல் சேர்க்கிறது. டைப்ஸ்கிரிப்ட்டும் ரோலப்பும் தனி மாறியையே நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஜெக்டில் உள்ள பண்பை நேரடியாகக் கூட்டுகின்றன. இஎஸ்பில்ட், மாறியைத் தொடாமல், கேட்கும்போதெல்லாம் அதன் மதிப்பைத் திருப்பித் தரும் ஒரு கெட்டரை வைக்கிறது.

இந்த மூன்று வழிகளும் சரியான விடையைத் தருகின்றன என்றாலும், சோதனை எழுதுபவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். கெட்டராக வைக்கப்பட்ட எக்ஸ்போர்ட்டை வெளியிலிருந்து மாற்றி அமைக்க முடியாது. ஆகவே, பேபலின் வெளியீட்டில் இயங்கிவந்த, ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியின் ஸ்பை (ஒரு ஃபங்ஷனின் அழைப்புகளைக் கண்காணிக்க அதன் இடத்தில் வைக்கப்படுவது), இஎஸ்பில்ட்டுக்கு மாறியதும் பண்பை மறுவரையறை செய்ய இயலாது என்ற பிழையுடன் நின்றுவிடும். உண்மையான இஎஸ் மாட்யூலிலும், அதாவது இம்போர்ட், எக்ஸ்போர்ட் முறையில் எழுதிய கோப்பிலும், வெளியிலிருந்து எழுத முடியாது என்பதால் இஎஸ்பில்ட்டின் நடத்தையே மூலத்துக்கு நெருக்கமானது. பேபலின் தளர்வு வசதிதான், ஆனால் தரம் அளிக்கும் உரிமையன்று.

ஒரு கோப்பு தன் முதன்மை மதிப்பாக வெளியே கொடுக்கும் டீஃபால்ட் எக்ஸ்போர்ட்டில்தான் மிகுந்த குழப்பம். பேபல் 5, ஒரு கோப்பில் டீஃபால்ட் மட்டும் இருந்தால் அதையே மாட்யூலின் முழு மதிப்பாக வைத்தது. 2015-இல் வந்த பேபல் 6 அந்த வழக்கத்தைக் கைவிட்டது. அதன்பின் ரிக்வயர் செய்பவர்கள் முடிவில் டீஃபால்ட் என்ற பண்பையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. மாற்றப்பட்ட கோப்பு இது என்று அறிவிக்க 'இஎஸ் மாட்யூல்' என்ற அடையாளக் கொடியைக் கருவிகள் பதிக்கின்றன. இம்போர்ட் செய்யும் பக்கமும் இதே கருவிகளால் மாற்றப்பட்டிருந்தால், அந்தக் கொடியைப் பார்த்து டீஃபால்ட்டைச் சரியாக எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட், தன் சொந்த இம்போர்ட்டில் இந்தக் கொடியைப் பொருட்படுத்தாமல் மாட்யூல் முழுவதையும் டீஃபால்ட்டாகக் கொடுப்பதால், பயனர் டீஃபால்ட்டுக்குள் இன்னொரு டீஃபால்ட்டைத் தேட நேர்கிறது. டைப்ஸ்கிரிப்ட் தன் பங்குக்கு, 2018-இல் வந்த 2.7 பதிப்பில் இஎஸ்மாட்யூல்இன்டெராப் என்ற அமைப்பைச் சேர்த்தது. அதை இயக்காத திட்டத்தில், கொடியில்லாத பழைய காமன்ஜேஎஸ் நூலகத்தை டீஃபால்ட்டாக இம்போர்ட் செய்தால் வரையறுக்கப்படாத மதிப்பே கிடைக்கும். ரோலப் இங்கே வேறு வழியில் செல்கிறது: கோப்பில் டீஃபால்ட் மட்டும் இருந்தால் அதையே முழு மதிப்பாக வைக்கிறது, பெயருள்ள எக்ஸ்போர்ட்டும் கலந்திருந்தால் எச்சரிக்கிறது. நூலகம் எழுதுபவர்கள் டீஃபால்ட்டையே தவிர்த்துப் பெயருள்ள எக்ஸ்போர்ட்டுகளை மட்டும் கொடுத்தால், இப்பத்தியில் சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை எந்தக் கருவியிலும் எழாது.

சில கூறுகளுக்குக் காமன்ஜேஎஸ்ஸில் இணையே இல்லை. மேல்மட்டத்தில், அதாவது எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல், எழுதிய அவெய்ட்டை (ஒரு பணி முடியும்வரை காத்திருக்கச் சொல்வது) ரிக்வயரால் காத்திருந்து முடிக்க முடியாது என்பதால் இஎஸ்பில்ட், ரோலப், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவை வெளிப்படையாகவே மறுக்கின்றன. அந்த நேர்மை வரவேற்கத்தக்கது. ஒரு கோப்புக்குத் தன் முகவரி போன்ற விவரங்களைத் தரும் இம்போர்ட் மெட்டாவில் நிலைமை அப்படியில்லை. டைப்ஸ்கிரிப்ட் பிழை காட்டுகிறது. ரோலப் கோப்பின் முகவரியைக் கணக்கிடும் மாற்று வரியை எழுதித் தருகிறது. பேபல் தொடாமல் விட்டுவிடுவதால் ஓடும்போது தொடரமைப்புப் பிழை வருகிறது. இஎஸ்பில்ட் ஒரு எச்சரிக்கையுடன் வெற்று ஆப்ஜெக்டை வைக்கிறது. நீண்ட பதிவுகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கையைக் கவனிக்கத் தவறினால், முகவரியை நம்பிக் கோப்பைத் திறக்கும் பகுதி பயன்பாட்டில்தான் உடையும். நான்கில் ரோலப்பின் அணுகுமுறையே இவ்விடத்தில் எனக்கு நிறைவளிக்கிறது.

ஃபங்ஷன்போல் எழுதப்பட்டு, தேவைப்படும்போது மாட்யூலை ஏற்றும் டைனமிக் இம்போர்ட் நோட்டின் காமன்ஜேஎஸ்ஸிலேயே இயங்கும். அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் டைப்ஸ்கிரிப்ட்டில் மாட்யூல் அமைப்பைக் காமன்ஜேஎஸ் என்று வைத்தால், அதுவும் ரிக்வயராகிவிடும். இஎஸ் வடிவில் மட்டும் வெளியாகும் நூலகங்களை இது பழைய நோட் பதிப்புகளில் உடைத்துவிடும். அமைப்பை நோட்16 என்று மாற்றினால் அது அப்படியே காக்கப்படும்.

கோப்பின் நீட்டிப்பையும் கவனிக்க வேண்டும். பேக்கேஜ் கோப்பில் வகை 'மாட்யூல்' என்று குறித்திருந்தால், மாற்றிய கோப்புகளுக்குச் சிஜேஎஸ் நீட்டிப்பு அவசியம். கோப்புகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, அவற்றுக்குள் ரிக்வயர் செய்யும் பாதைகளை ஜேஎஸ் என்றே விட்டுவிட்டால், தொகுப்பு பிழையின்றி முடிந்தும் நிரல் ஓடாது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும் ரோலப்பிலும், பண்டில் முறையில் இயக்கும் இஎஸ்பில்ட்டிலும் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றாமலே இருப்பதும் இப்போது ஒரு தேர்வு. நோட் 22.12 முதல், பின்னர் 20.19-இலும், ரிக்வயர் மூலமே இஎஸ் மாட்யூலை ஏற்ற முடிகிறது. மேல்மட்ட அவெய்ட் உள்ள மாட்யூலுக்கு மட்டும் பிழை வரும். பயனர்கள் அனைவரும் இப்பதிப்புகளிலோ அவற்றுக்குப் பிந்தையவற்றிலோ இருப்பார்கள் என்றால், இரு வடிவங்களையும் வெளியிடும் சுமையை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் ஒரே நிரலில் ஏறினால் ஒரே கிளாஸ் இரு பிரதிகளாகி, ஒரு ஆப்ஜெக்ட் அந்தக் கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்க்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனை பொய்த்துவிடும் என்ற ஆபத்தும் அதனால் நீங்குகிறது. பழைய பதிப்புகளையும் தாங்க வேண்டிய நூலகத்துக்கு ரோலப்பையும், தொகுத்து ஓடவிடும் சேவையகச் செயலிக்கு இஎஸ்பில்ட்டையும், வகைச் சரிபார்ப்போடு கோப்புக்குக் கோப்பு வெளியீடு வேண்டும் திட்டத்துக்கு நோட்16 அமைப்புடன் டைப்ஸ்கிரிப்ட்டையும், ஜெஸ்ட் சோதனைகள் மிகுந்த பழைய நிரல்தொகுதிக்குப் பேபலையும் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், வெளியிடுவதற்கு முன் மாற்றிய கோப்பை ஒரு வெற்று அடைவிலிருந்து ரிக்வயராலும் இம்போர்ட்டாலும் தனித்தனியே ஏற்றி, கிடைக்கும் பண்புகளின் பெயர்களை அச்சிட்டு ஒப்பிட வேண்டும். டீஃபால்ட் இடம் மாறியிருந்தால் அந்த இரு பட்டியல்களிலேயே தெரிந்துவிடும்.