ஒரே பிளாக் வாட்ச், மில்லுக்கு ஒரு நிறம்

டார்ட்டன் என்கிற ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் இருக்கிறது, எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்கு இருக்கிறது, அப்புறம் எந்த மில்லில் வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிளாக் வாட்ச் என்ற டார்ட்டனை எடுத்தால், அந்தக் கணக்கில் நீலம், பச்சை, கறுப்பு என்றுதான் போட்டிருக்கும். எந்த நீலம் என்று முடிவு செய்வது மில்லின் சாயக்கூடம். 2009இல் செயல்பாட்டுக்கு வந்த ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடும் நெசவாளரை ஒரே சாயத்துக்குக் கட்டிப்போடுவதில்லை.

நிறம் கொஞ்சம் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். டார்ட்டனில் பாவும் ஊடையும் பெரும்பாலும் ஒரே வரிசையில் ஓடும். அதனால் பிளாக் வாட்சின் மூன்று நிறங்கள் ஒன்றையொன்று வெட்டும்போது துணியில் ஆறு சாயல் கிடைக்கிறது: மூன்று தனி, மூன்று கலவை. ஒரு மில் நீலத்தை மட்டும் மாற்றினாலும் நீலக் கட்டம், நீலம் பச்சையோடு சேரும் இடம், கறுப்போடு சேரும் இடம் என்று ஆறில் மூன்று மாறிப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் வேறு துணி என்றே சொல்வீர்கள்.

சரி, கேட்லாக்கில் வரும் நிற வரிசைப் பெயர்களைப் பார்ப்போம். மாடர்ன் என்றால் அடர்த்தியான செயற்கைச் சாய நிறங்கள். பிளாக் வாட்சை இதில் எடுத்தால் நீலமும் கறுப்பும் ஒட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்றால் கட்டமே தெரியாது. ஏன்ஷியன்ட் என்பது வெளுத்த பழைய துணியின் சாயல். நீலம் வானத்தின் பக்கம் போகும், பச்சை இலகும், கறுப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். கட்டம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் இதுதான். ஆனால் ராயல் ஸ்டூவர்ட் மாதிரி சிவப்பு டார்ட்டனை ஏன்ஷியன்டில் கேட்டால் ஆரஞ்சு வந்து நிற்கும், பிறகு மில்லைத் திட்டிப் பயனில்லை. பழைய காலத்தில் எல்லாமே இப்படி மங்கலாகத்தான் இருந்தது என்று நம்பவும் வேண்டாம். காச்சினீல் பூச்சிச் சாயத்தில் நல்ல அடர் சிவப்பும், அவுரியில் ஆழமான நீலமும் வந்தன. பானக்பர்ன் ஊரின் வில்சன்ஸ் நெசவுக்கூடம், 1819இல் தன் கட்டக் கணக்குகளைப் புத்தகமாக எழுதி வைத்ததே, அவர்கள் நெய்த துணிகளில் வெளுப்பைவிட அழுத்தம்தான் அதிகம்.

மில்களின் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் அப்பால்தான் தொடங்குகிறது.

ஸ்காட்லாந்தின் செல்கர்க் ஊரில் இருக்கும் லாக்கரன் மில்லின் வெதர்டு வரிசையில் பச்சை பழுப்புக்குச் சாயும், நீலம் சாம்பலாகும். மழையிலும் வெயிலிலும் கிடந்த துணி போல. ஹைலாண்ட் மலையடிவாரத்தில் அழகாக இருக்கும், கல்யாண மண்டப விளக்கில் கொஞ்சம் சோர்ந்து தெரியும். பெர்த் ஊரின் ஹவுஸ் ஆஃப் எட்கர் பிரபலமாக்கிய மியூட்டட் வேறு வகை: சிவப்பு ஒயின் நிறத்துக்கு இறங்குகிறது, பச்சை ஆலிவ் ஆகிறது, நீலம் சிலேட்டுக் கல் நிறம் பிடிக்கிறது, ஆனால் எதுவும் வெளுத்ததாகத் தெரியாது. என்னைக் கேட்டால் சிவப்பு டார்ட்டனுக்கு மியூட்டட்தான். 1947இல் செல்கர்க்கில் தொடங்கிய டி.சி. டால்கிலீஷ் மில்லின் ரீப்ரொடக்ஷன் வரிசை, ஸ்காட்லாந்தின் பழைய கலோடன் போர்க்களத்தருகே மண்ணிலிருந்து எடுத்த துண்டைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லப்படுவது. கதை உண்மையோ இல்லையோ, பார்வைக்கு லாக்கரனின் வெதர்டுக்கு நெருங்கிய உறவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அரிய டார்ட்டன் குறைந்த அளவில் வேண்டுமென்றால், பழைய ஷட்டில் தறிக் கரை வேண்டுமென்றால் பலர் டால்கிலீஷைத்தான் சொல்வார்கள்.

ஃபார்ஃபரின் ஸ்ட்ராத்மோர், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள மார்ட்டன் மில்ஸ் இரண்டிலும் மாடர்ன், ஏன்ஷியன்ட் கிடைக்கும். பெயர் ஒன்றே என்பதற்காக லாக்கரனின் ஏன்ஷியன்டோடு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை ஒரு மில், கழுத்து டை இன்னொரு மில் என்று வாங்கிச் சேர்த்தால் புகைப்படத்தில் கண்ணை உறுத்தும். ஒரே மில்லிலும் கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள துணியின் நூலும் 10 அவுன்ஸ் துணியின் நூலும் தனித்தனியாகச் சாயம் ஏறுவதால் சற்று விலகலாம்.

திரையில் தெரியும் நிறத்தை நம்பி எட்டு கெஜம் கம்பளித் துணிக்குப் பணம் கட்ட வேண்டாம். சாம்பிள் துண்டு கேளுங்கள், மில்கள் அனுப்பும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை பாருங்கள். பகலில் ஒத்துப்போகும் இரண்டு பச்சைகள் விளக்கில் பிரிந்துவிடும். தம்பிகளுக்கும் பின்னால் அதே துணி வேண்டியிருக்கும் என்றால் மொத்தமாக ஒரே சாய லாட்டில் வாங்கிவிடுங்கள், அடுத்த வருடச் சாயம் அச்சு அசலாக அப்படியே வரும் என்று எந்த மில்லும் எழுதிக் கொடுக்காது.